தண்ணீருக்கு ஒரு ஜாகா

அன்று கோலா வோ ஆற்றங்கரையில் நாங்கள் பதினான்கு பேர் இருந்தோம். எங்களில் ஒன்பது பேர் பெரியவர்கள், ஐந்து பேர் பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய இரண்டு பெரியவர்கள் என்று கணக்குப் பார்த்தால், அதைவிடப் பாதுகாப்பான குடும்பச் சுற்றுலா இருக்க முடியாது என்றே எவரும் நினைப்பார்கள். ஆயினும் அப்போது ஏழு வயதாக இருந்த என் தங்கை மகன், எங்கள் ஒன்பது பேரின் கண்ணெதிரே, பத்தடி தூரத்தில் மூழ்கிக்கொண்டிருந்தான். எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒன்றில் பிறந்து, அங்கேயே ஸ்டோர் கிராணியாக, அதாவது எழுத்தராக, முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையில் போய்த் திரும்பினால் வரும் கோலா வோ, எங்கள் வட்டாரத்துக் குடும்பங்களுக்கு மிகவும் பழகிய இடம். ஆறுகள் கூடுகின்ற அந்த இடத்தில் தண்ணீர் குளிர்ந்து தெளிந்து ஓடும். அருகிலேயே வெந்நீர் ஊற்றும் உண்டு. 2014 ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் இரண்டு வாகனங்களில் அங்கே போயிருந்தோம். தம்பி கரியை மூட்டிக் கோழி வாட்டிக்கொண்டிருந்தான். பெண்கள் சோற்றையும் சம்பலையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். மைத்துனர் மரத்தடியில் பாய் விரித்துப் படுத்திருந்தார். நான் பாறைமேல் உட்கார்ந்து பெரியப்பாவோடு பால்மர (ரப்பர்) காலத்துக் கதைகளைப் பேசிக்கொண்டிருந்தேன். ஆற்றைப் பார்த்தபடிதான் பேசினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் தங்கையும் அவனைப் பார்த்திருக்கிறாள். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தபடி, வானத்தைப் பார்த்து அவன் ஏதோ விளையாடுகிறான் என்று எண்ணிச் சிரித்துவிட்டு, வெங்காயம் அரிவதற்குத் திரும்பிவிட்டாள். அவன் கத்தவில்லை, கையை ஆட்டவில்லை, தண்ணீரை அடித்துத் தெறிக்கவும் இல்லை. எதிர்க்கரையில் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த ஓர் ஓராங் அஸ்லி (பழங்குடி) இளைஞர், ஒன்றும் சொல்லாமல் வலையைக் கீழே போட்டுவிட்டு, தனக்குப் பழக்கமான கற்களின்மேல் கால் வைத்து நடந்து வந்து, அவனைத் தூக்கிக் கரையில் கிடத்திய பிறகுதான் எங்களுக்கு நடந்தது புரிந்தது. அந்த இளைஞர் ஆற்றை வாசிக்கத் தெரிந்தவர். நாங்கள் ஆற்றை வேடிக்கை பார்த்தவர்கள்.

பிள்ளை மூச்சுவிடவில்லை. பெரியப்பா அவன் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கப் போனார். குடித்த தண்ணீரை இறக்க வேண்டும் என்று தோட்டத்தில் காலங்காலமாகச் செய்துவந்த வைத்தியம் அது. குப்புறப் போட்டு வயிற்றை அமுக்குவதும் உண்டு. அரசாங்க கிளினிக்கில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருக்கும் என் கொழுந்தியாள் அன்று எங்களோடு வந்திராவிட்டால், நாங்களும் அதையே செய்து, இருந்த சில நிமிடங்களையும் வீணாக்கியிருப்போம். வாழ்நாளில் பெரியப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், அவர் கையைத் தட்டிவிட்டாள். பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி, நெற்றியைத் தாழ்த்தி முகவாயை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, அவன் வாயோடு வாய் வைத்து மெல்ல ஊதினாள், நெஞ்சு எழும்புகிறதா என்று பார்த்தாள், மறுபடியும் ஊதினாள். நான்காவது மூச்சில் அவன் இருமி வாந்தி எடுத்தான். உடனே அவனைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டாள்.

அவன் அழுதவுடன் எங்களுக்குப் போன உயிர் திரும்பியது. வீட்டுக்குப் போகலாம் என்றார் மைத்துனர். மிஸ்ஸி விடவில்லை. நுரையீரலுக்குள் புகுந்த தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலை உண்டாக்கலாம் என்பதால், மூழ்கி மீண்ட பிள்ளை எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். தாப்பா மருத்துவமனையில் ஓரிரவு வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். அன்றிரவு அந்த வளாகத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து நான் யோசித்தவைதான், இந்தப் பத்து ஆண்டுகளில் எங்கள் குடும்பத்தின் பழக்கமாக மாறியிருக்கின்றன.

முதலில் எனக்கு விளங்காமல் இருந்தது அந்த மௌனம்தான். மூழ்குகிறவன் கத்துவான், கையை வீசி உதவி கேட்பான் என்றே நான் நினைத்திருந்தேன். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். நியூயார்க் கடற்கரை ஒன்றில் உயிர்காப்பாளராக இருந்த பிரான்செஸ்கோ பியா என்பவர் 1970களிலேயே மூழ்குகிறவர்களைப் படம் பிடித்து ஆராய்ந்து, உண்மை அதற்கு நேர்மாறானது என்று விளக்கியிருப்பதைப் பின்னர்தான் படித்தேன். வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த நொடி, மூச்சை விட்டு இழுப்பதற்கே போதாது. மூச்சே இல்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? கைகள் தாமாகவே இரு பக்கமும் விரிந்து தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்துகின்றன. அவற்றை உயர்த்தி ஆட்டுவது அவர்கள் வசத்தில் இல்லை. உடல் நிமிர்ந்து நிற்கும், கால்கள் உதைக்காது, கண்கள் எதையும் நிலைகுத்திப் பார்க்காது. இந்த நிலை 20 முதல் 60 விநாடிகள்வரைதான் நீடிக்கும். அதன் பிறகு உள்ளே போய்விடுவார்கள். என் தங்கை வெங்காயம் அரியத் திரும்பிய நேரம் அதுதான்.

ஆகவே ஆற்றில் இருக்கும் பிள்ளை சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் நான் இப்போது கவலைப்படுவதில்லை. சத்தம் நின்றால் தலை திரும்புகிறது. சந்தேகம் வந்தால், 'என்னடா, நல்லா இருக்கியா?' என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும்; பதில் வராவிட்டால் உடனே போய்த் தூக்கிவிட வேண்டும்.

அடுத்த கேள்வி, ஒன்பது பேர் இருந்தும் ஏன் ஒருவர்கூடப் பார்க்கவில்லை என்பது. ஒன்பது பேர் இருந்ததால்தான் என்பதே நான் கண்ட விடை. நானும் மருமகனும் மட்டும் தனியாகப் போயிருந்தால் அவனைவிட்டுக் கண்ணை எடுத்திருக்க மாட்டேன். அம்மா பால்மரம் வெட்டப் போன நாள்களில் எங்களை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார். அங்கே முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆயா. கொட்டகைக்குப் பின்னால் நாலடி ஆழத்தில் கால்வாய் ஓடியது. அந்தக் கால்வாயில் ஒரு பிள்ளையும் விழுந்து நான் பார்த்ததில்லை. காரணம், பிள்ளைகளைப் பார்ப்பது இன்னாருடைய வேலை என்று எல்லாருக்கும் தெரியும். முக்கியமாக, அந்த ஆயாவுக்குத் தெரியும். ஸ்டோருக்கு ஒரு ஜாகா (காவலாளி) இருந்தார், ஆலைக்கு ஒரு ஜாகா இருந்தார். உரமூட்டைக்குக் காவல் வைத்த நாங்கள், பிள்ளைகளுக்கு வைக்கவில்லை.

அன்று முதல் எங்கள் குடும்பத்தில் 'தண்ணீர் ஜாகா' என்று ஒரு பதவி உண்டு. தண்ணீரில் யாரும் கால் வைப்பதற்கு முன் ஒருவர் பெயரைச் சொல்லி நியமிப்போம். அவர் கழுத்தில் விசிலும் தலையில் சிவப்புத் தொப்பியும் இருக்கும். அவர் கரையோரத்தில், பிள்ளைகளுக்கு மிக அருகில் நிற்க வேண்டும். கைத்தொலைபேசியைப் பார்க்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, கோழியைத் திருப்பிப் போடக் கூடாது, கதை பேசக் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றம். இருபது நிமிடத்துக்கு மேல் எவருக்கும் கவனம் நிற்காது என்பதை எங்கள் அனுபவத்திலேயே கண்டோம். தொப்பியைக் கழற்றி அடுத்தவர் தலையில் வைத்து, 'அஞ்சு பிள்ளைங்க, இப்ப உன் பொறுப்பு' என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே பழையவர் நகரலாம். கழிப்பறைக்குப் போவதாக இருந்தாலும் இதே விதிதான். மாற்று ஆள் கிடைக்காவிட்டால் பிள்ளைகள் கரையேற வேண்டும்.

தொடக்கத்தில் இதைக் கேலி செய்தார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், பீர் டின் திறந்துவிட்ட ஆண்கள் அன்றைக்கு ஜாகாவாக நிற்க முடியாது என்ற விதியினால் வந்தது. எல்லா முறைகளும் பெண்கள் தலையிலேயே விழுந்தன. அவர்களோ சமையலையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு சுற்றுலா இப்படிப் போன பிறகு என் மனைவி ஒரு முடிவு எடுத்தார். ஆற்றங்கரையில் சமைப்பது இனி இல்லை. வீட்டிலிருந்து பொட்டலம் கட்டிக் கொண்டுபோவது. குடிப்பதாக இருந்தால் வீடு திரும்பிய பிறகு. தம்பிக்கு இன்றுவரை அதில் மனத்தாங்கல் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஏற்பாடும் போதாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தை. அந்த வயதுப் பிள்ளையோடு ஒரு பெரியவர் தண்ணீருக்குள்ளேயே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். காற்றடைத்த வாத்து மிதவையும் கைப்பட்டையும் விளையாட்டுச் சாமான்கள்; அவை கவிழும், காற்று இறங்கும், நழுவும். அவற்றைப் போட்டுவிட்டுப் பெரியவர்கள் நிம்மதியாகத் திரும்பிக்கொள்வதுதான் உண்மையான ஆபத்து. பணம் செலவழிப்பதாக இருந்தால் பிள்ளையின் எடைக்குப் பொருந்தும், கவட்டுப் பட்டை உள்ள உயிர்காப்பு மேலங்கி ஒன்றை வாங்குங்கள். நீச்சலுடை ஆரஞ்சு, பளிச்சென்ற மஞ்சள் போன்ற நிறங்களில் இருக்கட்டும். மருமகன் அன்று போட்டிருந்தது நீலச் சட்டை; தண்ணீருக்குள் நீலம் கண்ணுக்குத் தெரிவதேயில்லை.

குளிக்கும்போது பெண்கள் கைலியைக் கட்டிக்கொண்டு இறங்குவது நம்மிடையே வழக்கம். நனைந்த கைலி கால்களைச் சுற்றிக்கொண்டால் நீந்தத் தெரிந்தவருக்கும் உதைக்க முடியாது. என் மனைவியும் தங்கையும் இப்போது முழங்கால்வரையிலான காற்சட்டையும் டீ சட்டையும் அணிகிறார்கள். ஊர் என்ன சொல்லும் என்று முதலில் தயங்கினார்கள்; ஊர் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு பழக்கமும் தோட்டத்திலிருந்து வந்ததுதான். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணிய பிறகே வேலைக்காட்டுக்கு அனுப்புவார்கள். நாங்களும் தண்ணீரில் இறங்கும் முன் ஒரு பெரட்டு, சாப்பிடக் கரையேறும்போது ஒன்று, வாகனம் ஏறும் முன் ஒன்று என்று வைத்திருக்கிறோம். பாத்திரம் எடுத்து வைத்து, ஈர உடை மாற்றிக் கிளம்பும் அந்தக் கடைசிக் கால் மணி நேரம் மிக மோசமானது. குளியல் முடிந்துவிட்டது என்று பெரியவர்கள் நினைக்கும்போது, விட்டுப்போன செருப்பை எடுக்க ஒரு பிள்ளை மறுபடியும் ஆற்றில் இறங்குகிறது.

மலையோர ஆறுகளில் கண்காணிப்பு மட்டும் காப்பாற்றாது என்பதையும் சொல்ல வேண்டும். மலாய்க்காரர்கள் கெபாலா ஆயர் என்று சொல்லும் தலைவெள்ளம், நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே வரும். மேலே காட்டில் பெய்த மழை, ஓடைகள் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் இறங்கும்போது, சில நிமிடங்களில் முழங்கால் தண்ணீர் ஆள் உயரத்துக்கு ஏறிவிடும். 2021 ஆகஸ்டு 18ஆம் தேதி கெடா மாநிலத்தில் குனோங் ஜெராய் மலையிலிருந்து யான் வட்டாரத்தில் இறங்கிய வெள்ளம், மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு வந்து உயிர்களைப் பறித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். தெளிந்திருந்த தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்துக்கு மாறுவது, சருகும் சுள்ளிகளும் திடீரென அதிகமாக மிதந்து வருவது, கரையில் நாம் குறித்து வைத்த கல் முழுகுவது, மேலேயிருந்து லாரி வருவதுபோல் இரைச்சல் கேட்பது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் பாத்திரம், செருப்பு எதையும் எடுக்காமல் பக்கவாட்டு மேட்டில் ஏற வேண்டும். ஆற்றின் போக்கிலேயே கீழே ஓடினால் வெள்ளம் முந்திக்கொள்ளும். ஆற்றின் நடுவேயுள்ள திட்டில் பாய் விரிப்பதை நாங்கள் அறவே விட்டுவிட்டோம். பருவக்காற்று மாறும் மாதங்களில் எங்கள் பக்கம் பிற்பகலில்தான் இடிமழை கொட்டும் என்பதால், காலையிலேயே போய் நண்பகலோடு திரும்பிவிடுகிறோம்.

கோலா வோவைவிட எங்களுக்கு அருகில் இருப்பவை ஈயக்குட்டைகள். 1985இல் ஈயத்தின் விலை விழுந்த பிறகு மூடப்பட்ட சுரங்கங்களில் தண்ணீர் தேங்கி, பார்ப்பதற்கு ஏரிபோல் அழகாகக் கிடக்கின்றன. ஆற்றுக்கு இருக்கும் சரிவு இவற்றுக்குக் கிடையாது. கரையிலிருந்து இரண்டடி வைத்தால் மூன்றாவது அடிக்குத் தரையே இல்லாமல் போகலாம். ஓரத்து மண் இளகி நழுவும். அடியில் சேறு காலைப் பிடிக்கும். மேலே இளஞ்சூடாக இருக்கும் தண்ணீர், சற்று ஆழத்தில் சட்டென்று குளிர்ந்து மூச்சை அடைக்கும். 2018 அக்டோபர் 3ஆம் தேதி, பூச்சோங்கில் கைவிடப்பட்ட ஈயக்குட்டை ஒன்றில் விழுந்த பதின்ம வயதுப் பையனைத் தேடப் போன தீயணைப்பு மீட்புப் படை வீரர்கள் ஆறு பேர் உயிரிழந்தார்கள். பயிற்சி பெற்று, கயிறும் கருவியும் வைத்திருந்தவர்கள் அவர்கள். தூண்டிலை எடுத்துக்கொண்டு குட்டைக்குக் கிளம்பும் பையன்களிடம் நான் அறிவுரை சொல்வதில்லை. இந்த ஒரு செய்தியை மட்டும் சொல்கிறேன்.

செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவுக் குட்டைகளைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அவற்றின் மேல் ஆடை கட்டிக் காய்ந்து தரைபோலவே தோன்றும். பந்தை எடுக்க அதன்மேல் ஓடினால் அவ்வளவுதான். வேலி இல்லாத குட்டை எங்கேனும் கண்டால் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகள் கிராணியாக இருந்தவன் சொல்கிறேன், வாயால் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது.

ஒருவர் மூழ்கும்போது அண்ணன் குதித்தான், அண்ணனைக் காக்கத் தகப்பன் குதித்தார் என்று ஒரே வீட்டில் இரண்டு, மூன்று பேரைப் பறிகொடுத்த செய்தி ஆண்டுதோறும் பத்திரிகையில் வருகிறது. மூழ்குகிறவருக்கு அந்த நேரத்தில் அண்ணனும் தெரியாது, அப்பாவும் தெரியாது. கிடைத்த உடம்பின்மேல் ஏறி மூச்சுவிடப் பார்ப்பார். ஆகவே முதலில் கரையில் படுத்துக்கொண்டு எதையாவது நீட்ட வேண்டும். தோட்டத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை: குலை அறுக்கும் நீளக் கம்பில் கத்தியைக் கழற்றிவிட்டால் போதும், செம்பனை மட்டையும் உதவும், முள் குத்தினால் குத்தட்டும். எட்டாவிட்டால் மிதப்பதை எறிய வேண்டும்: மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் எண்ணெய்ப் போத்தல், ஐஸ் பெட்டி, பந்து. எங்கள் வாகனத்தில் காலி எண்ணெய்ப் போத்தலில் இருபது மீட்டர் நைலான் கயிறு கட்டி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறோம். அந்தக் கனம் இல்லாவிட்டால் எறிந்தது காற்றில் திரும்பி வந்துவிடும் என்று வீட்டுத் திடலில் எறிந்து பார்த்துக் கண்டுகொண்டோம். அதே நேரத்தில் ஒருவர் 999ஐ அழைக்க வேண்டும். காட்டோரங்களில் தொலைபேசி அலை கிடைக்காது. எந்த இடத்தில் கிடைக்கிறது என்பதைப் போகும்போதே பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.

மிஸ்ஸி எங்கள் எல்லாரையும் மலேசியச் செம்பிறைச் சங்கத்தின் முதலுதவி வகுப்பில் சேர்த்துவிட்டாள். மூச்சு இல்லை என்றால் முதலில் மூச்சுக் கொடுப்பதுதான் மூழ்கியவருக்கு வேண்டியது. இரண்டு முதல் ஐந்து முறை ஊதிவிட்டு, அசைவு இல்லாவிட்டால் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று உதவி வரும்வரை நிறுத்தாமல் தொடர வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள். நெஞ்சின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழம். படித்தால் எளிதாகத் தெரியும். பொம்மையின்மேல் ஒருமுறை செய்து பார்த்தால்தான் எவ்வளவு பலம் வேண்டும் என்று புரியும். பெரியப்பாவும் வந்து செய்து பார்த்தார். தலைகீழாகத் தூக்குவதைப் பற்றி அதன் பிறகு அவர் பேசியதில்லை.

வீட்டைப் பற்றி ஒரு சொல். பழைய லயத்து வீடுகளின் குளியலறையில் சிமெண்டுத் தொட்டி இருக்கும். தண்ணீர் நின்று நின்று வரும் ஊர்களில் வாளி வாளியாக நிரப்பியும் வைப்போம். தவழும் குழந்தைக்குத் தலைதான் கனம்; வாளிக்குள் தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. ஒரு சாண் தண்ணீரே போதும். கதவுக்கு உயரத்தில் ஒரு கொக்கி, தொட்டிக்குப் பலகை மூடி, வேலை முடிந்ததும் கவிழ்த்து வைத்த வாளி: இந்த மூன்றுக்கும் சேர்த்து எனக்கு ஐம்பது ரிங்கிட்டுக்குள்தான் ஆனது.

பிள்ளைகள் ஐவரும் பின்னர் நீச்சல் வகுப்புக்குப் போனார்கள். முதலில் மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதையே நானும் வேண்டும் என்று கேட்டேன். கை கால் ஓயும்போது முகத்தை மேலே வைத்துக் காத்திருக்கத் தெரிந்தவனுக்கு நேரம் கிடைக்கிறது. போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனபோது, கடல் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திச் சோர்ந்துவிடாமல், மிதந்து, கரைக்கு இணையாக விலகிச் சென்று பிறகு திரும்ப வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிக்கொடுத்தேன். ஆனால் வகுப்பு முடிந்தது என்பதற்காக ஜாகாவை நாங்கள் எடுத்துவிடவில்லை. குளத்தின் நீலத் தரை வேறு, ஆற்றின் வழுக்குப் பாறை வேறு.

சென்ற ஆண்டு விடுமுறையில் மறுபடியும் கோலா வோ போயிருந்தோம். மருமகனுக்கு இப்போது என்னைவிட உயரம். ஆனாலும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க மாட்டான், நாங்களும் வற்புறுத்துவதில்லை. பெரும்பாலும் அவனே தொப்பியை வாங்கிக்கொள்வான். அன்று சாப்பாட்டுக்கு விசில் ஊதிப் பெரட்டு எடுத்தவன், எண்ணிக்கை ஒன்று கூடுகிறது என்றான். மறுபடியும் எண்ணினான், கூடியே இருந்தது. பாறைக்கு அந்தப் பக்கம், எங்களோடு வராத ஒரு சிறுமி, நான்கு வயதிருக்கும், ஆரஞ்சு நிற மிதவையோடு தனியாக நின்றிருந்தாள். எங்களைச் சாப்பிடச் சொல்லிவிட்டு, அவளுடைய அம்மா தேடிக்கொண்டு வரும்வரை அவன் தொப்பியைக் கழற்றாமல் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.